அறுபத்தொன்றாவது சீட்டு

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். உளவியல் துறையில் அப்படியில்லை. அங்கே ஒழுங்காகத் திட்டம் போட்டு, குழுவிடம் அனுமதி வாங்கி, அச்சடித்த தாளில் பொய் சொன்னால் முனைவர் பட்டமே கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பொய் சொல்லப்பட்ட ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் உட்காரவைத்து, நாங்கள் சொன்னது பொய், உண்மை இதுதான் என்று சொல்லிவிட வேண்டும். அந்த வேலைக்கென்றே பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். துறைத்தலைவரிலிருந்து தரை துடைக்கிறவர்வரை எல்லோருக்கும் அவள் அக்கா.

பதவியின் பெயர் ஆய்வக உதவியாளர். வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையில் விசாரணை மேசையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர்கள் பாதி விழுங்கிச் சொல்லும் வாக்கியங்களை உறவினர்களுக்கு முழுசாகச் சொல்லும் வித்தையை அங்கே கற்றுக்கொண்டவள். அவள் வருவதற்கு முன்னால் துறையில் மாணவர்களே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போவார்கள், மீதிப் பேர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் மாணவன் ஒருவன் காய்ச்சலில் வராமல் போக, கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த அக்கா அவன் இடத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வந்த மனிதர் வெளியே போகும்போது சிரித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த நாற்காலி அவளுடையதாகிவிட்டது.

அவளுடைய முறை எளிமையானது. நாற்காலியை எதிரே போடமாட்டாள், பக்கத்தில் போடுவாள். எதிரே உட்கார்ந்தால் விசாரணை, பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு என்பது அவள் கட்சி. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். அடுத்து மன்னிப்பு. அதற்கப்புறம்தான் விளக்கம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "இப்போ நீங்க உங்க வாயால சொல்லுங்க, நாங்க என்ன பொய் சொன்னோம், எது நிஜம்?" என்று கேட்பாள். தலையாட்டினால் விடமாட்டாள். அவர்கள் வாயிலிருந்து வந்தால்தான் சீட்டில் கையெழுத்து. சீட்டில் பெயர் கிடையாது. ஓர் எண், தேதி, ஒரு கிறுக்கல், அவ்வளவுதான்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பதிவேட்டில் 'உண்மை சொல்லப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. பேசும்போது பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு டிக் போட்டால் போலீஸ்காரி மாதிரி இருக்கிறதென்று, அன்றைக்கு வரவேண்டிய எல்லோருக்கும் காலையிலேயே வரிசையாக டிக் போட்டுவிடுவாள். வராதவர்களின் டிக்கைச் சாயங்காலம் அடித்துவிடுவாள். ஒன்பது வருடம் இதனால் ஒரு குறையும் வந்ததில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பது யானைக்குத் தெரியாது, சறுக்குகிறவரை.

அந்த வருட ஆய்வு ஞாபகசக்தியைப் பற்றியது. அதை நடத்திய பேராசிரியை அக்காவைவிடப் பத்து வயது இளையவர். யோசித்துக்கொண்டே நடந்து நாற்காலிகளில் முட்டிக்கொள்கிறவர். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். தன் ஞாபகம் சரியில்லை என்று நம்பிவிட்ட மனிதன், அடுத்தவர் சொல்வதை எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வான்? நாற்பதைத் தாண்டிய தொண்ணூற்றாறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இருபது வார்த்தைகளை வாசித்துக் காட்டி, நினைவிருப்பதை எழுதச் சொன்னார்கள். எழுதியதை யாரும் திருத்தவில்லை. பாதிப் பேருக்கு 'உங்கள் நினைவாற்றல் மிகச் சிறப்பு' என்றும், மீதிப் பேருக்கு 'உங்கள் வயதினரில் கடைசி வரிசையில் இருக்கிறீர்கள்' என்றும் முன்பே அச்சடித்து வைத்த தாளைக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கிப் போட்டு எடுத்தது. பிறகு ஒரு சின்னப் படத்தைக் காட்டி, அதில் இல்லாத ஒன்றை இருந்ததாகச் சொல்லிப் பார்ப்பார்கள். கடைசியாகப் பக்கத்து அறையில் அக்கா காத்திருப்பாள்.

ஆய்வு முடிந்தது. கட்டுரை எழுதி அனுப்பி, இரண்டு மதிப்பீட்டாளர்கள் நோண்டி நுங்கெடுத்து, கடைசியில் நல்ல ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அச்சுப்படி வந்தது. இரண்டு நாளில் சரிபார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எண்களைச் சரிபார்க்கிற வேலை எப்போதும் அக்காவுக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அச்சுப்படியையும் சீட்டுக் கட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'பங்கேற்ற தொண்ணூற்றாறு பேருக்கும் அன்றே உண்மை விளக்கப்பட்டது.' சீட்டுகளை எண்ணினாள். தொண்ணூற்றைந்து. இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று விரலை நனைத்து மறுபடி எண்ணினாள். தொண்ணூற்றைந்து. எண் வாரியாக அடுக்கிப் பார்த்தாள். அறுபதுக்கு அப்புறம் அறுபத்திரண்டு இருந்தது. பதிவேட்டைப் புரட்டினாள். அறுபத்தொன்றுக்கு நேரே அவளுடைய சொந்தக் கையால் போட்ட டிக், குண்டாக, சந்தேகமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அது தீ விபத்து ஒத்திகைக்காக மணி அடித்த நாள். கட்டடத்தையே காலிசெய்து எல்லோரையும் வண்டி நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நிற்கவைத்தார்கள். அங்கே மரத்தடியில் ஒரு மனிதர் நின்று, கையிலிருந்த தாளைப் படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்து, மறுபடி எடுத்துப் படித்தார். அக்கா அவரைப் பார்த்தாள். மேலே போய் அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மேலே போனபோது அவள் அறையில் அடுத்த ஆள் உட்கார்ந்திருந்தார். தாளோடு நின்றவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் அக்காவுக்கு அந்த மனிதரின் ஞாபகமே வரவில்லை. நினைவாற்றல் ஆய்வில் நினைவில்லாமல் போனது அவளுக்குத்தான்.

அது நடந்து நூற்றிருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. நூற்றிருபத்தெட்டு நாளாக ஒரு மனிதன் தன் மூளை மங்குகிறது என்று நம்பிக்கொண்டு எங்கேயோ நடமாடிக்கொண்டிருக்கிறான்.

சீட்டில் பெயர் கிடையாது, ஒரு கிறுக்கல்தான் என்று சொன்னேன் அல்லவா? வெற்றுச் சீட்டுகள் இழுப்பறையில் இருந்தன. பேனா மேசைமேலேயே இருந்தது. ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. அக்கா நல்லவள்தான், ஆனாலும் ஒரு முழு நிமிடம் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை மறைத்து அவளைப் பெரிய மனுஷியாகக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. பிறகு இழுப்பறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

அவள் ஆய்வின் ரகசியம் எதையும் உடைக்காமல், நடந்த தவறை மட்டும் சொன்னாள். "சொன்னா என் வேலைக்கு உலை. மேடத்தோட கட்டுரையும் நின்னுடும். எட்டு மாசமா அதுக்காகத்தான் அலையுறாங்க. சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. என்னங்க பண்றது?"

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா நாங்க முதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமா? எதனால நின்னுச்சு, யார் தப்புன்னு பேசவே மாட்டோம். கதவைத் திறப்போம். ஆளை வெளிய விட்டதுக்கு அப்புறம் எவ்வளவு வேணா திட்டு வாங்கிக்கலாம்."

"வேலை போயிட்டா?"

"போனா போகட்டும். நீ இப்படி முகத்தை வெச்சுக்கிட்டு இந்த வீட்ல சுத்துறதை விட அது தேவலாம்."

மறுநாள் காலை முதல் வேலையாகப் பேராசிரியையின் அறைக்கதவைத் தட்டினாள். சீட்டு, டிக், மணி, மரத்தடி எல்லாவற்றையும் நின்றபடியே ஒப்பித்தாள். பேராசிரியை எழுந்து நடந்தார். புத்தக அலமாரியில் முட்டிக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குள்ள அனுப்பணும் அக்கா."

"தெரியும் மேடம்."

"ஒண்ணு பண்ணலாமா? அந்த அறுபத்தொண்ணை மொத்தமா தரவுல இருந்து எடுத்துடலாம். முழுசா முடிக்காதவங்களை நீக்குறது வழக்கம்தானே. அப்போ தொண்ணூத்தஞ்சு பேர். தொண்ணூத்தஞ்சு பேருக்கும் சொல்லியாச்சு. அதுல பொய்யே இல்லையே."

பொய்யே இல்லைதான். அதுதான் அதிலிருந்த சாமர்த்தியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் பழைய காலத்து ஆட்கள். படித்தவர்கள் பூசணிக்காயையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பேராசிரியை கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். பயந்தவர்களுக்குத்தான் இப்படிப் புத்தி வேலை செய்யும்.

"தாள்ல இருந்து எடுத்துடலாம் மேடம்," என்றாள் அக்கா. "அவர் தலைல இருந்து யார் எடுக்கிறது?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்புறம் தொலைபேசியை எடுத்து நெறிமுறைக் குழுவின் தலைவரை அழைத்தார். அடுத்தபடியாக இதழுக்கு எழுதினார்: ஒரு பிழை கண்டுபிடித்திருக்கிறோம், சரிசெய்யும்வரை கட்டுரையை நிறுத்திவையுங்கள். அனுப்புகிற பொத்தானை அழுத்தினார். அழுத்திய பிறகு, "அப்பாடா," என்றார். அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்சம் அசட்டுத்தனமாகச் சிரித்தார்கள்.

குழுத் தலைவர் புள்ளியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் இரண்டு முறை கேட்கிறவர்.

"பதிவேட்டுல டிக் இருக்கே?"

"நான்தான் சார் போட்டேன். காலையிலேயே."

"ஆளைப் பார்க்காமலா?"

"பார்க்காமதான்."

"பார்க்காமலேயே டிக்?"

"ஆமா சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். எண்களுக்குரிய பெயர்ப் பட்டியல் ஓர் இரும்பு அலமாரியில் இருந்தது. அதற்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். குழு கூடி, தீர்மானம் போட்டு, இரண்டு சாவியும் சேர்ந்து திறந்ததில் அறுபத்தொன்றாம் எண்ணுக்கு ஒரு முகவரி கிடைத்தது. ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். கடிதம் அனுப்பிவிடலாம் என்றார் தலைவர்.

"அச்சடிச்ச தாளால வந்த வினை சார். இன்னொரு அச்சடிச்ச தாளால போகாது," என்றாள் அக்கா. "நான் நேர்ல போறேன்."

வேலை போகப்போகிறது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியத்தில்தான் பேசினாள். தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மருந்துக்கடைக்காரர் வீட்டில் தொலைபேசியை எடுத்தது அவருடைய மனைவி. விஷயத்தை மனைவியிடம் சொல்லக் கூடாது. பொய்யை உடைக்கப் போகிறவள் இன்னொரு பொய்யும் சொல்லக் கூடாது. "உங்க வீட்டுக்காரர் எங்க ஆராய்ச்சிக்கு ஒருநாள் வந்திருந்தார்ம்மா. அவருக்கு நாங்க ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டோம். நேர்ல வந்து சொல்லணும்," என்றாள். வெள்ளிக்கிழமை அவருக்கு வாராந்திர விடுமுறை, நாலு மணிக்கு வாருங்கள் என்று பதில் வந்தது.

இரண்டாம் மாடியில் சின்ன வீடு. கூடத்திலிருந்து பார்த்தால் பின் அறை தெரிந்தது. அதன் சுவர் புதிதாக நீலம் பூசப்பட்டிருந்தது, பழக்கமில்லாத கை பூசியது என்பதும் தெரிந்தது. மருந்துக்கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டுப் புத்தகம். அக்காவைக் கண்டதும் அதை எடுத்து, 'நாலு மணி, பல்கலைக்கழகம்' என்று எழுதியிருந்ததைச் சரிபார்த்துக்கொண்டார்.

"இது உங்க தனிப்பட்ட விஷயம் சார். அம்மா இருக்கலாமா, வேண்டாமா, நீங்கதான் சொல்லணும்."

"இருக்கட்டும்மா. நான் மறந்துட்டா அவ ஞாபகம் வெச்சுக்குவா," என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அக்கா தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "முதல்ல மன்னிச்சிடுங்க. அன்னைக்கு உங்களுக்குக் கொடுத்த தாள்ல இருந்தது பொய். எல்லாருக்கும் முன்னாடியே அச்சடிச்சு வெச்சது. உங்க பேப்பரை யாரும் திருத்தவே இல்லை. அன்னைக்கே நான் இதைச் சொல்லியிருக்கணும். மணி அடிச்ச குழப்பத்துல சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகப் பேசினார்.

"இருபத்தாறு வருஷம்மா. டாக்டர் சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு நாள் ஒரு மருந்து மாத்திக் கொடுத்ததில்லை. அந்தத் தாளைப் படிச்சதுக்கு அப்புறம் ஒவ்வொரு அட்டையையும் மூணு தடவை பார்க்க ஆரம்பிச்சேன். மூணு தடவை பார்த்தும் நம்பிக்கை வரலை. யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா? நானே முதலாளிகிட்ட போய், முட்டி வலிக்குது, என்னை சோப்பு பேஸ்ட் பக்கம் போட்டுடுங்கன்னு கேட்டேன். இப்போ ரெண்டு மாசமா பல்லு விளக்குற பிரஷ் விக்கிறேன்."

"முட்டிவலின்னுதானே என்கிட்டயும் சொன்னீங்க!" என்றார் மனைவி. அவர் குரலில் அதட்டல் பாதி, அதிர்ச்சி பாதி.

"இனிமே அந்தக் கவலையே வேண்டாம் சார்," என்றாள் அக்கா.

"அன்னைக்கும் இதே மாதிரி நல்லாத்தான் பேசினாங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா, நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

நியாயமான கேள்வி. ஒன்பது வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் பத்து நிமிடப் பொய்யோடு வந்தவர்கள். இவர் நாலு மாதப் பொய்யோடு குடித்தனம் நடத்தியவர். அக்கா பையிலிருந்து அவர் அன்று எழுதிய தாளின் நகலை எடுத்தாள். முந்தின நாள் அவளும் பேராசிரியையும் உட்கார்ந்து மற்ற எல்லாத் தாள்களோடும் சேர்த்துத் திருத்தியது. இருபதுக்குப் பதினேழு. மற்றவர்களின் சராசரி பதினொன்று.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க," என்றார் அவர். "அந்த வார்த்தைங்களை நான் தினமும் படுக்குறப்போ சொல்லிப் பார்க்குறேன், இன்னும் எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சுக்க." கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். குடை, சாவி, முயல், கண்ணாடி, பாலம், தொப்பி... அக்கா பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே போனாள். வரிசைகூட மாறவில்லை. பத்தொன்பது வந்தது.

"ராத்திரி முணுமுணுப்பு இதுதானா? சாமி பேரைச் சொல்றீங்கன்னுல்ல நான் நினைச்சேன்!" என்றார் மனைவி.

"ஒண்ணு மட்டும் வரலை. நாலு மாசமா தேடுறேன், வரலை. அதுதான்மா சாட்சி. தாள்ல போட்டிருந்தது நிஜம்."

இருபதில் பத்தொன்பதை நாலு மாதம் கழித்துச் சொல்கிற மனிதர், விட்டுப்போன ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். அக்கா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "உங்க வாயால சொல்லுங்க சார். எது பொய், எது நிஜம்?" அவர் வாயைத் திறந்தார், மூடினார். கதவைத் திறந்துவிட்டேன், ஆள் வெளியே வரமாட்டேன் என்கிறாரே என்று அக்கா நினைத்தாள்.

அப்போது மனைவி பின் அறைச் சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "ஏங்க," என்றார்.

"என்ன?"

"அந்த ரூமுக்குப் பெயின்ட் அடிக்கிறேன்னு நீங்க சொல்லவே இல்லை."

"போன வருஷமே சத்தியம் பண்ணினேன்னு சொன்னியே?"

"பண்ணலை. சும்மா சொல்லிப் பார்த்தேன். 'அப்படியா, மறந்துட்டேன் போல'ன்னு மறுநாளே டப்பா வாங்கிட்டு வந்துட்டீங்க. எனக்கே ஆச்சரியம். அப்புறம்... பழகிடுச்சு."

"பழகிடுச்சுன்னா? மாசம் ஒரு தடவை உங்க அண்ணன் வீட்டுக்கு வர்றதா நான் ஒத்துக்கிட்டேன்னு சொன்னது?"

"அதுவும் இல்லை."

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு அப்போவே தோணுச்சு! நான் சொல்லியிருக்க மாட்டேனேன்னு தோணுச்சு! உங்க அண்ணன் வீட்டுக்கு? நானா? மாசாமாசமா?"

பேராசிரியை தொண்ணூற்றாறு பேரை வைத்துக் கண்டுபிடித்ததை இந்த அம்மாள் ஒரே ஆளை வைத்து, எந்தக் குழுவிடமும் அனுமதி வாங்காமல் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அவர் கண்ணில் இப்போது தண்ணீர் நின்றது. "வயசாக ஆக இவருக்குப் பக்குவம் வந்துடுச்சுன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நாலு மாசமா இந்த வீட்ல நான் சொன்னதுதான் சரி. உள்ளுக்குள்ள இவ்வளவு பயந்துக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியலையே. நான் ஒரு மடச்சி."

அவர் மனைவியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தன் ஞாபகம் சரியாக இருந்தது, தானே அதை நம்பாமல் விட்டுவிட்டோம் என்பது அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது. முன்பின் தெரியாத ஒருத்தி மன்னிப்புக் கேட்பது வேறு. முப்பது வருடமாக எதையும் விட்டுக்கொடுக்காதவள் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்வது வேறு. அதை யாரும் ஆறுதலுக்காகச் செய்யமாட்டார்கள்.

அவர் உட்கார்ந்தார். மனைவி கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "என் ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகலை," என்றார். "அந்தத் தாள் பொய். பெயின்ட் அடிக்கிறேன்னு நான் சொல்லவே இல்லை. அதுதான் நிஜம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். மனைவி அழுதுகொண்டே சிரித்தார். அக்காவுக்கு நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. சீட்டை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார். தேதியை யாரிடமும் கேட்கவில்லை, நோட்டுப் புத்தகத்தையும் பார்க்கவில்லை, தானே எழுதினார்.

வாசல்வரை வந்து வழியனுப்பியபோது கேட்டார். "ஆராய்ச்சிதான் முடிஞ்சுடுச்சே. அந்த இருபதாவது வார்த்தை என்னம்மா?"

அக்கா பட்டியலைப் பார்த்தாள். "ஏணி."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏணியா! பெயின்ட் அடிக்கிறப்போ நாலு நாள் அதுமேல நின்னுக்கிட்டுதானேம்மா அந்த வார்த்தையைத் தேடினேன்!"

படியிறங்கும்போது அவர் சிரித்த சிரிப்பு அக்காவுக்கு மூன்று தளத்திலும் கேட்டது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. குழு அவளுக்கு எழுத்துப்பூர்வமாக ஓர் எச்சரிக்கை கொடுத்தது, ஒப்பந்தத்தையும் புதுப்பித்தது. பதிவேட்டில் டிக் போடும் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சீட்டையே ஒட்டவேண்டும் என்று குழுத் தலைவர் இரண்டு முறை சொன்னார். கட்டுரை ஓர் இதழ் தள்ளி வெளிவந்தது. மூன்றாம் பக்கத்தில் வாக்கியம் மாறியிருந்தது: 'தொண்ணூற்றைந்து பேருக்கு அன்றே உண்மை விளக்கப்பட்டது. எங்கள் தவறால் ஒருவருக்கு நூற்றுமுப்பத்தொரு நாள் கழித்து, அவர் வீட்டில் விளக்கப்பட்டது.' இதைப் போட்டால் மானம் போய்விடும் என்று பயந்த பேராசிரியைக்கு, முன்பின் தெரியாத இரண்டு ஆய்வாளர்கள் கடிதம் எழுதினார்கள். தங்கள் சீட்டுகளையும் எண்ணிப் பார்க்கப் போவதாக.

இரண்டு மாதம் கழித்து அக்காவுக்கு இருமல். டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் சுற்றியே போய் அந்தக் கடைக்குள் நுழைந்தாள். சோப்புப் பக்கம் வேறு யாரோ இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மருந்து மேசைக்குப் பின்னால் நின்றார். சட்டைப்பையில் நோட்டுப் புத்தகம் இல்லை. டாக்டரின் கிறுக்கலை ஒரே தடவை பார்த்துவிட்டு, திரும்பி, மூன்றாவது தட்டிலிருந்து மருந்தை எடுத்து வைத்தார்.

"வீட்ல அம்மா எப்படி இருக்காங்க சார்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"மறுபடியும் சண்டை ஆரம்பிச்சுடுச்சும்மா. நேத்து, கரண்ட் பில் கட்டுறேன்னு யார் சொன்னதுன்னு ஒரு மணி நேரம். நான்தான் ஜெயிச்சேன்."